இனிக்காத இனிப்பு

பொட்டி தட்டறவனுக்கு எதுக்குடா சாப்பாட்டு ஆராய்ச்சின்னு கேக்காதீங்க மக்கா. இது நான் பண்ணின தப்போட கணக்கு.

அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர். ஸ்வீட்டைத் தொடவே மாட்டார். தீபாவளிக்கு அம்மா குலாப் ஜாமூன் போட்டா, வாசல்ல போய் உக்காந்துக்குவார். நான் பரனூர்ல வேலை முடிச்சு மின்சார ரயில்ல வந்து பொத்தேரியில எறங்கினா, ஜிஎஸ்டி ரோட்டுல கொத்து பரோட்டா போடற சத்தம் வா வான்னு கூப்பிடும். பாவம் மனுஷன், வாய்க்கு ருசியா வேற என்னதான் சாப்பிடுவார்னு வாரத்துல நாலு நாள் ரெண்டு பரோட்டா, சால்னா பார்சல். ஸ்வீட் இல்லையேன்னு ரெண்டு பேருக்கும் நிம்மதி.

போன மாசம் டெஸ்ட் எடுத்தோம். மூணு மாச சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி 7.2-லேர்ந்து 8.9-க்குப் போயிருந்துச்சு. "ஸ்வீட் சாப்பிடறீங்களா?"ன்னு டாக்டர் கேட்டார். "சத்தியமா இல்ல சார்"னு அப்பாவுக்கு முந்தி நான் சொன்னேன். "ராத்திரி என்ன சாப்பாடு?" நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து எக்ஸெல் ஷீட்டைத் தொறந்தேன். நமக்குத் தெரிஞ்சது அதானே! ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதா, 10 கிராம் எண்ணெய்னு வைங்க. 100 கிராம் மைதா சுமார் 350 கலோரி. ரெண்டு பரோட்டா, எண்ணெயோட சேர்த்து 600 கலோரி. அதுல மாவுச்சத்து மட்டும் 90 கிராம் பக்கம். சால்னா கணக்குலயே வரல.

வீட்டுல போடற ஜாமூன் ஒண்ணு சுமாரா 150 கலோரி. ரெண்டு சாப்பிட்டா 300. சர்க்கரை, மாவு எல்லாம் சேர்த்து மாவுச்சத்து 50 கிராம்.

இதுல இன்னொரு கூத்து. சர்க்கரை வயித்துக்குள்ள போனா பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். மைதா மாவுச்சத்து மொத்தமும் குளுக்கோஸ். லேப்ல குத்திப் பாக்கறது அந்த குளுக்கோஸைத்தான். பரோட்டாவுல இருக்கற எண்ணெய் செரிமானத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், கணக்கைக் குறைக்காது. நார்ச்சத்தாவது தடுக்குமான்னு பார்த்தா, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணையில 100 கிராம் கோதுமை மாவுல 11 கிராம், மைதாவுல 3 கிராம் கூட இல்ல.

நாக்கு இனிப்பைக் கண்டுபிடிச்சிடுது. கணையத்துக்கு நாக்கு கிடையாது. அவ்ளோதான் விஷயம்.

அதுக்காக ஜாமூன் நல்லதுன்னு சொல்ல வரல. ஜாமூனை எதிரின்னு தெரிஞ்சு ஒதுக்கினோம். பரோட்டாவை நானே பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

இப்போ ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு, நிறைய கீரை. எக்ஸெல்லைக் காட்டி அப்பாகிட்ட எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ பத்து வருஷமா ஒரு ஜாமூன் கூடக் குடுக்காம வாசல்ல உக்கார வெச்சீங்களேடா"ன்னார்.

டிஸ்கி: வர்ற தீபாவளிக்கு அரை ஜாமூன் தரலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும். அப்பா தினமும் ஞாபகப்படுத்தறார் :-)