இரண்டு ஊசியும் ஒரு நூலும்

இராயபுரத்தில் கம்பளியா? தையல் வகுப்பில் இனி நிட்டிங் உண்டு என்று சிஸ்டர் அறிவித்தபோது எங்களிடையே எழுந்த முதற் கேள்வி இதுதான். மார்கழியிலும் மின்விசிறி நிற்காத ஊரில் ஸ்வெட்டர் யாருக்கு? எங்கள் சிரிப்பைச் சிஸ்டர் கண்டுகொள்ளவில்லை. ஆளுக்கு இரண்டு ஊசியும், ஓர் உருண்டை வெள்ளைப் பருத்தி நூலும் வந்து சேர்ந்தன.

கம்பளி நம் வியர்வைக்கு ஒவ்வாது, பருத்திதான் ஏற்றது. அதிலும் புதிதாகக் கற்போர் தடித்த, வெளிர்நிற நூலையே எடுக்க வேண்டும். கறுப்பு நூலில் கண்ணி எது, இடைவெளி எது என்றே புலப்படாது. கடையில் ஊசி வாங்கும்போது ஒரு வேடிக்கையைக் காணலாம். பழைய அளவு முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். எட்டாம் எண் என்பது நான்கு மில்லிமீட்டர். தொடக்கத்திற்கு அது போதும்.

இந்தக் கலையில் இருப்பவை நிட், பர்ல் என்னும் இரண்டே பின்னல்கள்தாம். அவையும் ஒன்றின் முதுகுதான் மற்றொன்று! எல்லா வரிசையும் நிட் போட்டால் இருபுறமும் வரப்பு வரப்பாய், ஓரம் சுருளாத துணி கிடைக்கும். ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று மாற்றினால் முன்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். இந்த இரண்டாவது துணியை நாம் எல்லோரும் அறிவோம். தம்பி போட்டிருக்கும் பனியன் அதுதான். திருப்பூரில் இயந்திரம் செய்வதை இங்கே நம் விரல்கள் செய்கின்றன. ஆகவே இதைக் குளிர்நாட்டுக் கலை என்று ஒதுக்க வழியில்லை.

இருபது கண்ணி ஏற்றிக்கொண்டு பின்னத் தொடங்கினால், ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணி ஒன்று நழுவினால் வரிசை வரிசையாய் ஏணிபோலக் கீழிறங்கும். பதற்றம் வேண்டாம், ஓர் ஊக்கை மாட்டி அதை அங்கேயே நிறுத்திவிட்டு, குரோஷா ஊசியால் படிப்படியாக மேலேற்றலாம். எண்ணிக்கையில் மனம் நிற்கும்போது கணக்குப் பரீட்சையும் நினைவில் இல்லை, நேற்றைய சண்டையும் நினைவில் இல்லை. சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடிக்கும் ஆரன் சத்தம்கூட எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. (வடசென்னையில் வாழ்வோருக்கு இது சிறிய செய்தி அன்று!)

ஊசியும் நூலுமாய் அமைதியாக அமர்ந்திருப்போரைக் காண நாங்கள் வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. காசிமேடு போதும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. எங்களுக்குக் கோடை விடுமுறை வரும் அதே நாள்களில் அங்கே வலைகள் தரையில் விரிகின்றன. எங்கள் வீட்டு மாமாக்களும் தாத்தாக்களும் கால் விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய தட்டையான வலையூசியை ஓட்டுகிறார்கள்.

அருகே உட்கார்ந்து பார்த்தால் இரண்டு வேலைகளுக்கும் உள்ள வேற்றுமை தெரியும். நம் பின்னலில் முடிச்சே இல்லை. ஒரு நுனியை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்து மீண்டும் நூலாகிவிடும். வலையிலோ ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு. ஓரிடம் அறுந்தால் அறுந்தது அவ்வளவோடு நிற்கும். ஆனால் அவிழ்த்துத் திருத்த இயலாது. கிழிசலைத் தைக்குமுன் அதைச் சுற்றிக் கத்தியால் இன்னும் கொஞ்சம் வெட்டி, ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள். ஏன் என்று கேட்டோம். கந்தலான நூலில் முடிச்சு நிற்காதாம். நல்ல முடிச்சு எது என்று பார்த்து அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமாம்.

வெட்டியும் பயனில்லாத வலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை அனைவரும் அறிவர். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறாள். அவள் தாத்தாவின் வலை முழுவதும் தார்போலக் கறுத்துவிட்டது. துவைத்தும் பார்த்தார்கள், பிசுக்குப் போகவில்லை. பல வாரங்கள் அவர் திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வேலை செய்து பழகிய கை சும்மா இருப்பது வீட்டில் யாருக்கும் பார்க்கப் பொறுக்கவில்லை என்றாள்.

அடுத்த கோடையில் கடன் வாங்கிப் புது வலைத்துணி எடுத்தார்கள். வலைத்துணி இப்போது இயந்திரத்தில் பின்னி வருகிறது. ஆனால் மேற்கயிற்றில் மிதவையும் கீழ்க்கயிற்றில் ஈயக் குண்டும் கோத்து, இத்தனை கண்ணுக்கு ஒரு கட்டு என்று எண்ணி எண்ணிக் கயிற்றோடு சேர்ப்பது கைவேலைதான். தாத்தாவுக்குக் கண் மங்கல். எண்ணிக்கை அடிக்கடி தப்பியது. பள்ளியில் கண்ணி எண்ணப் பழகியிருந்த எங்கள் தோழி அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அந்த மே மாதம் முழுவதும் அவள் எண்ணினாள், அவர் கட்டினார்.