சுரியில் வைத்த கால்

ஆனி, ஆடி வந்துவிட்டால் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவில் வீதியில் காவி வேட்டிகள் தெரியத் தொடங்கும். வடக்கிலிருந்து கரையோரமாக நடந்து வரும் கதிர்காம யாத்திரிகர்கள் இங்கே தங்கி, பொத்துவில், பாணமை கடந்து உகந்தைக்குப் போவார்கள். சின்ன வயதில் அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்ததோடு என் பக்தி முடிந்துவிடும்.

2013ஆம் ஆண்டு நானும் நடந்தேன். நேர்த்தி என்றுதான் ஊரில் சொன்னேன். உண்மையில் எனக்குப் பற்றைகளைக் கண்டால் பயம். 1990இல் கைக்குழந்தையோடு இரண்டு இரவுகள் ஈச்சம்பற்றைக்குள் படுத்திருந்தேன். பிள்ளை அழாமல் வாயைப் பொத்திப் பிடித்த கை இது. அதற்குப் பிறகு விறகு பொறுக்கக்கூடக் காட்டோரம் போகமாட்டேன், காசுக்கு வாங்குவேன். ஆண் துணை இல்லாத வீட்டில் அது எவ்வளவு பெரிய செலவு என்று இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பொத்துவிலில் தண்ணீர் கேட்டு நின்ற வீட்டில் ஒரு முஸ்லிம் உம்மா சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய் தந்தார். "எங்கட பள்ளியும் அங்க இரிக்கிதானே, மகள். காலுக்குப் பூசுங்க" என்றார். கதிர்காமத்தில் முருகன் கோவிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசலும் உண்டு.

உகந்தையில் காட்டுப்பாதை திறந்ததும் உள்ளே இறங்கினோம். கூமுனை, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஐந்தாறு நாள் நடை. கூமுனை என்று நம்மவர்கள் சொல்லும் குமண வனப்பூங்கா யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. காட்டுப்பாதையும் பல வருடங்கள் ஆளில்லாமல் கிடந்தது. மனிதர் நடக்காத பாதையைப் பற்றை சும்மா விடுமா?

ஆடியில் காடு காய்ந்துதான் இருக்கும். ஆனால் வில்லுகளின் ஓரம் ஏமாற்றிவிடும். மேலே வெயிலில் பொருக்குக் கட்டி வெடித்திருக்கும், கீழே சுரி. எருமையும் யானையும் மிதித்த கிடங்குகள் வேறு. தரைதானே என்று வைத்த என் வலக்கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்தேன். இடக்காலும் போனது. மூச்சு முட்டியது. எனக்கு முன்னால் போனவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்களோடு தம்பிலுவில் பெரியம்மா ஒருவர் வந்திருந்தார். இதற்குமுன் ஏழு தரம் நடந்தவர். அவர் கிட்ட வரவில்லை. ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் இருவருமே புதைவோமாம். தூர நின்றே சொன்னார்: "இழுக்காத மகள். இழுத்தா இன்னும் புடிக்கும். முதல் பொதியைக் கழத்தி எறி. பொல்லைக் குறுக்க படுக்கப் போட்டு அதில பாரத்தைக் குடு. இப்ப குதியை மெள்ள ஆட்டு, காத்துப் போகட்டும்."

குதியை ஆட்ட ஆட்ட, சுரிக்குள் காற்றுப் புகுந்து 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கால் வந்துவிட்டது. செருப்பு வரவில்லை. அது இன்னும் அங்கேதான் கிடக்கும்.

பிறகு அவர் சொன்னபடியே நடந்தேன். வெறும் தரையில் கால் வைக்கக்கூடாது. புல்லும் கோரையும் நிற்கிற இடத்தில் வேர் தாங்கும். பொல்லால் குத்திப் பார்த்துத்தான் அடி வைக்கவேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். (இதை முன்னமே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சோடி மிஞ்சியிருக்கும்!)

சுரி கடந்தால் சூரை முள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். கொப்பை விலக்கிவிட்டுச் சட்டென்று விட்டால் பின்னால் வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஆகவே கொப்பைக் கைக்குக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டு நடந்தோம். என் சேலை ஓரிடத்தில் வசமாக மாட்டியது. பழைய பயம் வந்துவிட்டது. கிழித்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். "பின்னுக்கு ஒரு அடி வை" என்றார் பெரியம்மா. சூரை முள் கொழுக்கிபோல் வளைந்தது. முன்னால் இழுத்தால் ஏறும், பின்னால் போனால் தானாக விடும். விட்டது. அடுத்த முறை போகிறவர்கள் சேலை கட்டவேண்டாம். சுடிதார்தான் வசதி. சாமி கோபிக்கமாட்டார்.

பின்னேரம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கால் கழுவினோம். விரலிடுக்கில் ஈரம் நின்றால் அவிந்து புண்ணாகும் என்று பெரியம்மா தன் முந்தானையால் துடைத்தார். ஊசியை நெருப்பில் காட்டி, குதியிலிருந்து மூன்று முள் எடுத்தார். பொத்துவில் உம்மாவின் எண்ணெயைப் பூசிவிட்டார். அவருடைய மகனும் போனவன்தான், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு படங்கை ஒரு பற்றையின் ஓரத்தில்தான் விரிக்க வேண்டியிருந்தது. வேறு இடம் இருக்கவில்லை. பெரியம்மா பற்றைப் பக்கமாகப் படுத்து, என்னை மற்றப் பக்கம் படுக்கச் சொன்னார். இலைகள் சரசரத்தன. எவ்வளவு நேரம் விழித்திருந்தேன் என்று தெரியாது. விடியச் சாமத்தில் அரோகராச் சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன்.