நஞ்சன்கூட்டில் காயில் கட்டும் கடை

கபிலைக் கரையில் இருக்கும் நஞ்சன்கூட்டைத் தமிழர்களுக்கு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலால் தெரியும், கொஞ்சம் பேருக்கு ரசவாழையால் தெரியும். ஊரைச் சுற்றி நெல், கரும்பு, வாழை. வாழைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துவிட்டால், விவசாயி அதை வண்டியில் போட்டுக்கொண்டு நேராக வைண்டிங் கடைக்குத்தான் வருவார்.

நான் போன கடையின் வாசலிலேயே கருகிய வார்னிஷ் நெடி அடித்தது. கடைக்காரர் சத்தியமங்கலத்துப் பக்கத்துக்காரர், கோவையில் தொழில் பழகியவர். வேலைக்காரப் பையன்களிடம் தமிழும் மோட்டார் கொண்டுவருபவர்களிடம் கன்னடமுமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பையன் எரிந்த காயிலை உளியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் ஸ்லாட்டுக்குள் காப்புத்தாளைச் செருகி, புதுச் செம்புக் கம்பியை இழை இழையாக இறக்கி, மேலே மூங்கில் குச்சியால் அடைத்தான். சுற்று எண்ணிக்கையில் விரல் தவறக் கூடாது. தவறினால் அது மீட்டரில் தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையைப் பார்க்கத்தான் போனேன். மேசையில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, மூன்று ஃபேஸுக்கும் காயில் கட்டி முடித்து வைத்திருந்தது. சாதாரண மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

"அண்ணா, மீட்டர் வயருக்கே அரை ஓம் வரும். அதை நம்பிக் காயிலை எடைபோட முடியுமா?"

அவர் செய்தது இதுதான்: ஒரு ஃபேஸ் காயில் வழியாக 1 ஆம்பியர் டிசி மின்னோட்டத்தை விட்டார். காயிலின் இரு முனைகளிலும் வேறு வயர் வைத்து வோல்ட் பார்த்தார். 5 வோல்ட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 5 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் 5 வாட். காயில் சூடாகி அளவு மாறிவிடும் அளவுக்கு அது பெரிதல்ல. இரண்டாவது ஃபேஸும் 5. மூன்றாவதில் 4.4 வந்தால் அதைப் பிரித்துவிட வேண்டியதுதான் என்றார்; எங்கோ சுற்று குறைந்திருக்கும், அல்லது இரண்டு சுற்றுகள் உரசி ஒட்டியிருக்கும். மூன்றாவதும் 5 காட்டியபோது பையனின் முகம் தெளிந்தது.

ஜார்ஜ் ஓம் 1827-இல் ஜெர்மனியில் புத்தகமாக வெளியிட்ட விதி, வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கும் இந்தக் கணக்குதான். பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் படித்தவர்கள் இடறும் இடமும் இந்த மோட்டார்தான். இது லோடில் ஓடும்போது 415 வோல்ட்டில் ஒவ்வொரு காயிலும் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். வகுத்துப் பாருங்கள்: 96 ஓம் வருகிறது. மேசையில் அளந்ததோ 5 ஓம்! இரண்டும் சரிதான். ஓடும் மோட்டாரில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால், காயிலுக்குள்ளேயே எதிர் மின்னழுத்தம் பிறந்து மின்னோட்டத்தை மறிக்கிறது. காயிலில் வெப்பமாக வீணாவது அந்த 5 ஓமில் மட்டும்: 4.3-ஐ 4.3-ஆல் பெருக்கி, 5-ஆலும் பெருக்கினால் 92 வாட், மூன்று காயிலுக்கும் சேர்த்து 277 வாட். ரோட்டார் மண்ணில் சிக்கி நின்றுவிட்டால் எதிர் மின்னழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆம்பியர் ஆறு மடங்கானால் சூடு முப்பத்தாறு மடங்கு. காயில் புகைய நெடுநேரம் ஆகாது.

இங்கே வரும் மோட்டார்களில் பல எரிவது லோ வோல்டேஜால்தான் என்கிறார் கடைக்காரர். கணக்கும் அதையே சொல்கிறது. 415 வோல்ட் 350-க்கு இறங்கினாலும் பம்பு அதே தண்ணீரைத் தூக்க வேண்டும். அதனால் ஆம்பியர் ஏறுகிறது. 277 வாட் சூடு 390-ஐத் தொடுகிறது. தண்ணீர் நன்றாகத்தான் வரும், விவசாயிக்கு எதுவும் தெரியாது. உள்ளே காப்பு மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

அந்தச் சூட்டையும் ஓமிலேயே பிடிக்கலாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 5 ஓம் காட்டிய காயில், ஓடி நின்றதும் 6.25 ஓம் காட்டினால் உள்ளே சுமார் 96 டிகிரி. தெர்மாமீட்டர் நுழைய முடியாத இடத்தின் சூடு, வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தவருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆம்பியரையும் சூட்டையும் இணைக்கும் இதே கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நஞ்சன்கூட்டைத் தாண்டும் கபிலை, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேர்ந்து சிவனசமுத்திரத்தில் விழுகிறது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய மின் நிலையம், 1902-இல் அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவ்வளவு தூரம் அனுப்ப வழி ஒன்றுதான்: வோல்ட்டை உயர்த்துவது. அதே திறனைப் பத்து மடங்கு வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பத்தில் ஒன்று, கம்பியில் வீணாகும் சூடு நூறில் ஒன்று.

கடையில் பில் போடும்போது மோட்டாரின் குதிரைத்திறனையும் கூலியையும் மட்டுமே எழுதுகிறார்கள். மோட்டார் கட்டக் கொடுப்பவர்கள், மூன்று ஃபேஸின் ஓமையும் லோடில் இழுக்கும் ஆம்பியரையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அடுத்த முறை ஆம்பியர் அதைவிட ஏறியிருந்தால், காயில் எரிவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடலாம்.