அழுகையும் வழிபாடுதான்

தஜிகிஸ்தானில், சமர்கந்துக்குக் கிழக்கே பஞ்சிகெந்த் என்ற பாழ்நகரம் இருக்கிறது. அங்கே இரண்டாம் கோயில் எனப்படும் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில், அந்நகரில் வாழ்ந்த சோக்தியர் தீட்டிய சுவரோவியம் ஒன்று இன்று ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. குவிமாடப் பந்தலுக்குள் ஓர் இளம் உடல் கிடக்கிறது. சுற்றிலும் பெண்கள் அழுகிறார்கள். கீழே நிற்பவர்கள் கத்தியால் தங்கள் முகத்தையே கீறிக்கொள்கிறார்கள். பக்கத்தில், மனிதரைவிடப் பெரிய உருவில், நான்கு கைகளுள்ள பெண் தெய்வமும் துக்கம் காக்கிறாள். அவளை நனா என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோக்தியரும் சார்ந்திருந்த ஜரதுஷ்டிர மரபின் பாரசீக நூல்களான பஹ்லவி நூல்களோ இறந்தோருக்காகப் புலம்புவதைக் கண்டிக்கின்றன. அந்தக் கண்ணீர் ஆறாகப் பெருகி உயிரின் வழியை மறிக்கும் என்கிறது அர்தா விராஃப் நூல். அப்படியானால் சோக்தியர் நெறி தவறியவர்களா? பாரசீக நூலை அளவுகோலாக்குவதில்தான் பிழை என்பேன். இது விதி அறியாத பாமரரின் மீறலாக இருந்தால் கோயில் சுவருக்கு ஏறியிருக்காது, தெய்வமும் சேர்ந்து அழுதிருக்காது. சோக்தியர் அந்த மரபின் தூய்மை விதிகளை அறியாதவர்களும் அல்லர். சமர்கந்தில் 1965இல் வெளிப்பட்ட 7ஆம் நூற்றாண்டு மண்டபத்தின் தெற்குச் சுவரில், ஊர்வலத்தில் வாத்துகளைக் கொண்டுசெல்பவர்கள் மூச்சுக்காற்று படாதபடி வாயைத் துணியால் கட்டியிருக்கிறார்கள்.

பஞ்சிகெந்த் ஓவியம் ஏதோ ஒரு புராணக் காட்சி, நடைமுறைச் சடங்குக்கு அது சான்றாகாது என்று மறுக்கலாம். புராணமாகவே இருக்கட்டும், அதுபோன்ற ஒரு புராணத்தை மக்கள் ஆண்டுதோறும் நடித்துக் காட்டினார்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் சுயி அரசின் தூதராக வந்த வெய் ஜியே, சமர்கந்து மக்கள் ஏழாம் மாதத்தில் கறுப்புடை உடுத்தி, வெறுங்காலோடு, மாரடித்து அழுதபடி, இறந்துபோன தெய்வக் குழந்தையின் எலும்புகளைத் தேடி 300 முதல் 500 பேராக வயல்வெளியில் அலைந்ததை எழுதிவைத்தார். 722இல் பஞ்சிகெந்த் அரபுப் படையிடம் வீழ்ந்து ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து எழுதிய குவாரஸ்மியரான அல்-பிரூனியும், சோக்தியர் ஆண்டின் கடைசி மாத முடிவில் பழைய இறந்தோருக்காக அழுது, முகத்தைக் கீறி, உணவு படைத்ததைச் சொல்கிறார். சீனரும் குவாரஸ்மியரும், இத்தனை காலம் தள்ளி, ஒருவரையொருவர் அறியாமல் சொன்ன சாட்சி இது.

முகம் கீறுவது துருக்கிய நாடோடிகளின் வழக்கம், சோக்தியர் இரவல் வாங்கியது என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஓவியத்தில் அழுவோர் சிலரின் முகச்சாயலே அதற்கு இடம் தருகிறது. இரவல் என்றே வைத்துக்கொள்வோம். அண்டை வீட்டாரின் துக்கத்தைத் தன் மண்டபத்துக்குள் வரவேற்று, தன் தெய்வத்தையும் அதோடு அழவைத்த கோயில் அது. ஒரு சமயம் எதை ஏற்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்றை எந்தச் சட்ட நூலும் தராது.