மிருகஜீவன்களை நினைக்கும் தேவன்

தியானப் பகுதி: யோனா 4:11, நீதிமொழிகள் 12:10



யோனாவின் புஸ்தகம் எவ்வாறு முடிகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நினிவேக்காகத் தாம் பரிதபிப்பதன் காரணத்தைச் சொல்லும் கர்த்தர், அங்கிருந்த இலட்சத்து இருபதினாயிரத்திற்கும் அதிகமான மக்களோடு, ஆடுமாடுகளையும் சேர்த்தே எண்ணுகிறார். அந்த வார்த்தையோடு புஸ்தகம் நிறைவடைகிறது.

அண்மையில் நம் சபையின் விதவைத் தாயார் ஒருவர் என்னிடம் தயங்கியபடி கேட்டார்: "ஐயா, ஜெபக் குறிப்பிலே மாட்டைச் சேர்க்கலாமா? சபையார் சிரிப்பாங்களோ?" அவருக்கு இருப்பது ஒரே பசு. அதன் உடலெங்கும் கழலைகள், காய்ச்சல், கால்களில் வீக்கம், பாலும் வற்றிவிட்டது. கறந்த கொஞ்சப் பாலையும் அக்கம்பக்கத்தார் வாங்க மறுத்துவிட்டனர்.

தோல் கழலை நோய் என்னும் இது, அம்மை வகை வைரசால் வருவது. கடிக்கும் ஈக்கள், கொசுக்கள், உண்ணிகள் இதைப் பரப்புகின்றன. 1929-இல் இன்றைய சாம்பியா நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது. 2019-இல் ஒடிசாவில் தென்பட்டது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பசுக்கள் திரளாய் மடிந்தன. ஆனால் இது மனிதரைத் தொற்றுவதில்லை. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். அந்தத் தாயாருக்கு நோய் செய்த கேடு பாதி. அறியாமையால் வந்த அச்சம் செய்த கேடு மீதி.

நீதிமானின் அடையாளங்களுள் ஒன்றாகத் தன் மிருகத்தின் உயிரைப் பேணுவதைச் சாலொமோன் குறிப்பிடுகிறார். ஆகவே நாம் சபையாக ஜெபித்தோம், ஒருவரும் சிரிக்கவில்லை. எனினும் ஜெபம் ஆலயத்தின் வாசலோடு நின்றுவிடலாகாது. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுங்கள். தொழுவத்தில் சாணமும் நீரும் தேங்கவிடாதிருங்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் இவற்றை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறியபின் புண்களில் தடவுவது நம் நாட்டுப் பக்குவம். நலமாயுள்ள மாடுகளுக்கு முன்னதாகவே தடுப்பூசி போடுங்கள். ஆட்டம்மைக்கென்று உண்டான தடுப்பூசியே, வைரசுகளின் உறவினால், மாட்டையும் காக்கிறது. சிருஷ்டியில் ஒன்றுக்கு மற்றொன்றைத் துணையாக வைத்த தேவஞானத்தை எண்ணி நான் வியக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் தெருவில் ஒரு தொழுவம் இந்நோயால் வாடுமானால், அவ்வீட்டாரை விட்டு விலகாதிருங்கள். அவர்கள் பாலை வாங்கிக் காய்ச்சிப் பருகுங்கள். சில வேளைகளில் அயலானிடத்தில் அன்புகூருவது அரைப்படிப் பாலின் அளவே இருக்கும்.

ஜெபம்: மனிதரையும் மிருகத்தையும் காக்கிற ஆண்டவரே, வாயில்லா ஜீவன்களின் வேதனையையும், அவற்றை நம்பி வாழும் ஏழைகளின் கண்ணீரையும் கண்ணோக்கும். அச்சத்தை அகற்றி, இரக்கத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.