நஞ்சு ஒன்றா, இரண்டா?

ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டால் ரெட்டைப் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி, எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ரெட்டைப் பிரசவம் என்றால் ஊரார் சந்தோஷப்படுவார்கள். 32 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த எனக்கு முதலில் பயம்தான் வரும்.

1978-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கிடையாது. மாதக் கணக்கை மீறி வயிறு பெரிதாக இருந்தால் சந்தேகம் வரும். இரண்டு நர்ஸுகள் ஆளுக்கொரு பக்கம் ஃபீட்டோஸ்கோப்பை வைத்து, ஒரே நிமிடத்தில் இதயத் துடிப்பை எண்ணுவோம். இரண்டு கணக்குக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு பிள்ளை என்று எடுத்துக்கொள்வோம். அப்படியும் தப்பிப்போவது உண்டு. ஒரு பிள்ளை பிறந்த பிறகு வயிறு வற்றாமல் இருப்பதைப் பார்த்துத்தான் உள்ளே இன்னொன்று இருப்பது தெரியும்.

ஒரு ராத்திரி அப்படித்தான் நடந்தது. இரண்டு பிள்ளைகளும் பிறந்து அழுதன. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. இரண்டு பிள்ளையைச் சுமந்து மிகவும் விரிந்த கர்ப்பப்பை லேசில் சுருங்காது. அந்த நேரத்தில் ரத்தத்துக்கு ஆள் தேடி ஓடினார்கள். புருஷனின் தம்பி ரத்தம் கொடுத்தார், அவள் பிழைத்தாள். முன்பே தெரிந்திருந்தால் ரத்தம் தயாராக இருந்திருக்குமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் கடைசித் தங்கை போன் செய்தாள். “அக்கா, பாப்பாவுக்கு ரெட்டைப் பிள்ளையாம்!” என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, “நஞ்சு ஒண்ணா, ரெண்டா?” என்பதுதான். இது என்ன கேள்வி என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆனால் ரெட்டைக் கர்ப்பத்தில் பல விஷயங்களை முடிவு செய்வது அதுதான். ஆளுக்கொரு நஞ்சு இருந்தால் ஆபத்து குறைவு. ஒரே நஞ்சை இருவரும் பங்கு போட்டால், அதிலுள்ள ரத்தக்குழாய்கள் வழியாக ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடலாம். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இப்படி ஆகிறது. அதனால் அவர்களுக்கு 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். நஞ்சு ஒன்றா இரண்டா என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். பிள்ளைகள் வளர வளரக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பாப்பாவுக்கு ஒரே நஞ்சு. “ரெண்டும் நல்லபடியாப் பொறக்குமா, நீயே சொல்லுக்கா” என்று தங்கை அழுதாள். அதை எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். ரெட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. நடு மாதங்களில் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், சீக்கிரம் வலி வரும் வாய்ப்பு அதிகம். தாய்க்கு ரத்தக் கொதிப்பும் ரத்த சோகையும் வர இடமுண்டு.

பாப்பாவுக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்து, 33-வது வாரத்தில் ரத்தக் கொதிப்பு ஏறியது. எதிர்பார்த்திருந்ததால் அன்றே சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகளின் நுரையீரல் பலப்பட ஊசி போட்டார்கள். நான்காம் நாள் ஆபரேஷன். ஒன்று 1.9 கிலோ, மற்றது 1.6 கிலோ. உதிரம் அதிகமாகத்தான் போனது. ஆனால் இந்தத் தடவை யாரும் ஓடவில்லை, ரத்தம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. பிள்ளைகள் 18 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

உங்கள் மகளோ மருமகளோ பேத்தியோ ரெட்டை என்று சொன்னால், இனிப்பு கொடுங்கள். கூடவே மூன்று காரியம் செய்யுங்கள். 14 வாரத்துக்குள் நஞ்சு எத்தனை என்று டாக்டரைக் கேளுங்கள். அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடைசிவரை பத்திரமாக வையுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவும் ரத்த வங்கியும் உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் பிரசவத்துக்குச் சேருங்கள்.