யாரும் சாகாத புத்தகம்

பருவத் தேர்வின் கடைசித் தாள் முடிந்த மதியம், மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்து நின்றாள். “அம்மா, லீவுல படிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்க. ஆனா பாடம் மாதிரி இருக்கக் கூடாது. சும்மா படிக்கணும்.” (மற்ற துறைகளில் எல்லோரும் மேம். தமிழ்த்துறையில் மட்டும் நாங்கள் இன்னும் அம்மாக்கள்தான்.) கூட வந்த தோழி இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தாள்: “பெண்ணெழுத்துத் தாள்ல வர்ற மாதிரியும் வேணாம்மா. எல்லாக் கதையிலயும் ஒருத்தி அழுதுக்கிட்டே இருக்கா.”

இரண்டும் நியாயமான நிபந்தனைகள்தாம். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதலில் அந்தச் ‘சும்மா’. நாள் முழுக்க வேலை செய்கிற பெண்ணைப் பார்த்து ‘வீட்ல சும்மாதானே இருக்கா’ என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. அதே பெண் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ‘சும்மா படிக்கிறேன்’ என்றால் மட்டும் வீட்டுக்குப் பொறுக்காது. தேர்வுக்குப் படிக்கிறாளா, சரி. டிஎன்பிஎஸ்சிக்கா, ரொம்பச் சரி, கேட்காமலே காபி வரும். சுந்தரகாண்டமா, புண்ணியம். கதைப் புத்தகமா? அந்த நேரத்தில் அடுப்படியை ஒரு தடவை துடைத்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் நம் மனமே சொல்லும். பெண் படித்தால் அதற்கொரு பயன் காட்டியாக வேண்டும். பிடித்திருக்கிறது, படிக்கிறேன் என்பது ஒரு காரணமாகக் கணக்கில் வருவதில்லை.

இது பழைய வழக்கு. நாவல் என்ற வடிவம் தமிழில் காலூன்றிய நாளிலேயே, அதைப் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற புலம்பலும் கூடவே வந்துவிட்டது. வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி, ‘சைதன்ய பாகவத’த்தின் ஓர் ஏட்டை அடுக்களையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அதையெல்லாம் தன்வரலாறாகவும் எழுதினார். நம் வை.மு. கோதைநாயகிக்குக் குழந்தை வயதிலேயே கல்யாணம். பள்ளிப் படிப்பு இல்லை. முதல் படைப்பை அவர் சொல்லச் சொல்லத் தோழிதான் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதினார், ‘ஜகன்மோகினி’யை நடத்தினார். இலக்கிய வரலாற்று நூல்களில் அவருடைய தேச சேவை வரும், சிறை சென்றது வரும். அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்த பெண்களின் ஆவலைப் பற்றி ஒரு வரி வராது. எத்தனை கைகள் மாறி, எந்த மதியத்தில், எந்தத் திண்ணையில் அந்தப் பக்கங்கள் படிக்கப்பட்டன என்பதுதான் எனக்கு அறிய ஆசை. அது ஆய்வுப் பொருளாகாது என்று பல நெறியாளர்கள் நினைக்கிறார்கள்.

நான் வளர்ந்த ஊரில் கிளை நூலகம் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, மாலை நான்கிலிருந்து ஏழு வரை. எட்டிலிருந்து பதினொன்று வரை அம்மா என்ன செய்துகொண்டிருப்பாள், நான்கிலிருந்து ஏழு வரை என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அப்படியும் அந்தக் கட்டடத்துக்குள் நடுவயதுப் பெண் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை என் பள்ளிக் காலத்தில் நான் பார்த்ததேயில்லை. அம்மாவின் உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டிய அடுக்கில் என்ன இருந்ததோ அதுதான் அந்த வாரம் அம்மாவின் வாசிப்பு. நான் வளர வளர மேலடுக்குகள் அவளுக்குக் கிடைத்தன. லக்ஷ்மியும் அனுத்தமாவும் ராஜம் கிருஷ்ணனும் அப்படி வந்தவர்கள்தாம். அவள் நிறையப் படித்தாள், ஆனால் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வந்ததைப் படித்தாள்.

அதனால்தான் விடுமுறைக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டு வருகிற பெண்ணை நான் லேசாக அனுப்பிவிடுவதில்லை. எனக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று அவள் சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

விடுமுறை என்பதும் இருக்கிறதே. மே மாதம் யாருக்கு விடுமுறை? பிள்ளைகளுக்கு. அவர்கள் வீட்டில் இருப்பதால் மூன்று வேளைச் சமையல் ஐந்து வேளையாகும். கத்திரி வெயிலை வீணாக்கலாமா என்று கூழ் வடகம், மோர்மிளகாய், மாவடு. ஊரிலிருந்து விருந்து. என்னைப் போன்றவர்களுக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் வேறு. ஒரு நாளில் கட்டுக் கட்டாய் ஒரே கேள்விக்கு ஒரே விடையைப் படித்துவிட்டு வந்தால், இரவில் எழுத்து என்றாலே கண் வேறுபக்கம் திரும்பும். எனவே கோடைக்கு நான் புத்தகம் எடுக்கும்போது முதலில் பார்ப்பது, அது இடையூறைத் தாங்குமா என்பதைத்தான். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிப்பேன். குக்கர் மூன்று விசில் விடுகிற நேரத்துக்குள் அந்தப் பக்கம் என்னை உள்ளே இழுக்க வேண்டும்; எழுந்துபோய்த் திரும்பி வந்தால் விட்ட இடத்தில் எனக்காகக் காத்திருக்க வேண்டும். வாரத் தொடர்களை இலக்கியவாதிகள் எத்தனை இளப்பமாகப் பேசினாலும், அந்தச் சின்ன அத்தியாயங்களும் முடிவில் வைக்கிற கொக்கியும் துண்டுதுண்டாக நேரம் கிடைக்கிறவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. முழு இரவும் தடையில்லாமல் படிக்க வாய்த்தவர்கள் வேறு வகை நாவலைக் கொண்டாடியதில் எனக்கு வியப்பில்லை.

இரண்டாவது, பென்சில். முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் பென்சிலோடு படித்தவள் நான். கோடையில் அது கல்லூரி மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். கோடு போட வேண்டும் என்று கை துடிக்கிற புத்தகத்தை ஜூனுக்குத் தள்ளிவைத்துவிடுவேன்.

அந்த மாணவிகளுக்குக் கடைசியில் நான் சொன்னவை இவை. பாமாவின் ‘கிசும்புக்காரன்’. பாமா என்றதும் எல்லோரும் ‘கருக்கு’க்குப் போகிறார்கள், போக வேண்டியதுதான். ஆனால் இந்தச் சிறுகதைகளில் கூலி வேலைக்குப் போகிற மனிதர்கள் தங்களை அதட்டுகிறவர்களை வாயாலேயே கவிழ்த்துவிடுகிறார்கள். உரக்கச் சிரிக்காமல் படிக்க முடியாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது சிரித்த பிறகு உறைக்கும். அடுத்தது கிருத்திகாவின் ‘வாஸவேச்வரம்’. 1966இல் வந்தது. கதாகாலட்சேபத்தில் தேவர்களின் காமத்தை ரசித்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ஓர் அக்கிரகாரத்தை, ஒரு பெண் இவ்வளவு குறும்போடு அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு ஒவ்வொரு முறையும் குதூகலம். வெயில் தாங்காதவர்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’; நீலகிரிக்குப் பேருந்துச் சீட்டு எடுக்க வேண்டாம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பவளுக்கு ஹெப்ஸிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. பெரியவளானதும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட லிஸியும் பனையேறும் தங்கராஜும். துயரமான கதைதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் கடைசியில் அவள் விரும்பியது அவளுக்குக் கிடைக்கிறது. நம் நாவல்களில் அது எவ்வளவு அரிது என்று படித்த பிறகு யோசித்துப் பார் என்றேன்.

“ரமணிசந்திரன் படிக்கலாமாம்மா?” என்று தோழி மெதுவாகக் கேட்டாள். குரல் தாழ்ந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தாராளமாகப் படி என்றேன். அந்தக் கதாநாயகர்களின் திமிரை என்னால் இருபது பக்கத்துக்கு மேல் பொறுக்க முடியாது. அது என் பாடு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணை யாரும் என்ன வேண்டும் என்று கேட்காத வீடுகளில், ஒருவன் கடைசிப் பக்கத்திலாவது வந்து கேட்கிற கதை விற்கத்தான் செய்யும். அதை மறைத்துப் படிக்க வேண்டியதில்லை. நாளைக்கு எதிர்த்து எழுதுவதற்காவது முழுசாகப் படித்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த ஆண்டின் கடினமான தேர்வு மாணவிகளுக்கானதல்ல, என் அம்மாவுக்கானது.

அம்மாவுக்கு எழுபது. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. கட்டு பிரித்து ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் சொன்னாள்: “எழுத்து பளிச்சுன்னு தெரியுதுடி. வரும்போது புத்தகம் கொண்டா. யாரும் சாகக் கூடாது, சொல்லிட்டேன். சாவு பார்த்ததெல்லாம் போதும்.” அப்பா போய் மூன்று வருடம்; அதற்கு முன் நான்கு வருடம் படுக்கையில். அந்த ஏழு வருடத்தில் அவள் நாட்காட்டித் தாளைத் தவிர வேறு எதையும் படித்து நான் பார்க்கவில்லை.

என் அலமாரி முன்னால் போய் நின்றேன். வெள்ளிவீதியிலிருந்து நேற்று வந்த கவிதைத் தொகுப்புவரை பெண்கள் எழுதியவை மட்டுமே நான்கு தட்டு. பிரிவு, சாவு, தற்கொலை, கருச்சிதைவு, தீ. மாணவிகளுக்குச் சொன்ன ‘புத்தம் வீட்டி’லேயே ஒரு கொலை உண்டு. நான் எழுதிய கவிதைகளைக்கூட அவளுக்குக் கொடுக்க முடியாது. வலியை எழுதியதற்காக எந்தப் பெண்ணையும் நான் குறை சொல்ல மாட்டேன். அதை எழுத வாய் திறக்கவே எங்களுக்கு இத்தனை நூற்றாண்டு ஆனது. ஆனாலும் எழுபது வயதுப் பெண்ணுக்கு மகிழ்ச்சியாகக் கையில் கொடுக்க ஒன்று தேடி அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ தொகுப்பை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அதில் வருகிற தங்கம் அத்தை பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள், அம்மாவுக்குப் பிடிக்கும். ஆஷாபூர்ணா தேவியின் ‘முதல் சபத’த்தையும் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கே போகாமல், குடும்பத்தைக் கட்டிக்கொண்டே எழுதி ஞானபீடம் வாங்கிய முதல் பெண் என்று சொன்னால் எழுத்தாளர் மேலேயே அவளுக்குப் பிரியம் வந்துவிடும்.

இரண்டையும் அம்மா வாங்கிப் பார்த்தாள். அட்டையைத் தடவினாள். “பொன்னியின் செல்வன் இல்லையா?” என்றாள்.

1974 வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அந்தக் கோடையில் பெரியப்பா வீட்டுப் பைண்டு புத்தகத்தில் நான்கு பாகம் முடித்திருந்தாள். ஐந்தாவதைப் பக்கத்துத் தெருவில் யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். அது திரும்பி வருவதற்குள் தாலி ஏறி வேறு ஊருக்கு வந்துவிட்டாள். அங்கே நூலகத்தில் என் கைக்கு எட்டிய காலத்திலும் ஐந்தாம் பாகம் ஒருபோதும் அடுக்கில் இருந்ததில்லை. இரண்டாம் பாகம் படம் வந்தபோது தம்பி எல்லோருக்கும் சீட்டு எடுத்தான். “நான் இன்னும் படிச்சு முடிக்கல, நீங்க போயிட்டு வாங்க” என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வந்தபிறகு யாரும் கதையைப் பேசக் கூடாது என்றும் உத்தரவு.

மறுநாளே தஞ்சாவூர் போய் ஐந்து பாகமும் வாங்கி வந்தேன். எழுத்துப் பெரிதாக இருக்கிற பதிப்பாய்ப் பார்த்து எடுத்தேன். ஐம்பது வருடம் ஆகிவிட்டதே என்று முதல் பாகத்திலிருந்தே தொடங்கியிருக்கிறாள். மதியம் இரண்டு மணிக்குக் கூடத்தில் பாயை விரித்து, தலையணையைச் சுவரில் சாய்த்து, மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்தால் ஐந்துவரை அவளை யாரும் கூப்பிட முடியாது. சுடுதண்ணீர் கேட்ட தம்பி மகனிடம் “அடுப்பு அங்கதான் இருக்கு” என்றது காதில் விழுந்தது.

நேற்று நான்காம் பாகத்தில் இருந்தாள். அவளுக்குக் குந்தவை மேல் மரியாதை, நந்தினி மேல் பயம் கலந்த ஈர்ப்பு, ஆனால் பிரியமெல்லாம் கடம்பூர் மணிமேகலை மேல்தான். கள்ளம் தெரியாத பெண் என்கிறாள்.

“ஏண்டி, இந்தப் பொண்ணுக்குக் கடைசியில நல்லதுதானே நடக்கும்?”

நான் புளியை உருட்டிக்கொண்டிருந்தேன். “படிம்மா” என்றேன்.